நல்லி எலும்பு சூப்பும் எண்பத்தைந்து கிலோவும்

அன்று காலை எடை மெஷினைச் சுற்றி நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: கபடி அணியின் முதலாளி ரங்கராஜன் சார், கோச் சுப்பிரமணி, ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர், எடை பார்க்க வந்த கமிட்டிக்காரர் ஒருவர், என் வீட்டுக்காரர் சகாயம், கையில் மோர்த் தூக்குடன் நான். வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு மன்னார்புரத்தில் யாரைக் கேட்டாலும் “நான் பக்கத்துலயே நின்னேன்க்கா, கண்ணால பார்த்தேன்” என்கிறார்கள். என் கொழுந்தனார் அன்று துபாயில் இருந்தார். அவரும் பார்த்தாராம்.

நான் பிறவிக் கவலைக்காரி. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியவள். (மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.) ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் கவலைதான் காரணம். பத்தாவதில் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து, அந்த வம்பே வேண்டாமென்று முன்கூட்டியே நின்றுவிட்டேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. சாப்பாடு. ஒருவர் இலை முன்னால் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னார்புரத்தில் என் மெஸ். மாடியில் தங்கியிருந்தது ரங்கராஜன் சாரின் கபடி அணி. பையன்களுக்கு மாதச் சம்பளம், மூன்று வேளை சாப்பாடு என் பொறுப்பு. சார் ஸ்ரீரங்கத்துக்காரர், டயர் வியாபாரி. வெங்காயம்கூடச் சேர்க்காத மனுஷர், பன்னிரண்டு பேருடைய ஆட்டுக்கறிக்கு முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார். அணிதான் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த வருஷம் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை. எதிர் அணிக்காரர்கள் ஆட்டத்தின் பாதியிலேயே செல்ஃபி எடுக்க ஆரம்பிக்கும் அளவுக்குத் தோற்றார்கள்.

ஒருநாள் மத்தியானப் பந்தி முடிந்ததும் சார் மெஸ்ஸுக்கு வந்தார்.

“ஜெசிந்தாம்மா, உங்ககிட்ட ஒரு யோசனை கேட்கணும். கோச்சைக் கேட்டா பசங்க சரியில்லேங்கறார். பசங்களைக் கேட்டா கோச் சரியில்லேங்கறா. ஸ்ரீரங்கத்துல வர்ற போட்டிதான் கடைசி. அதுலயும் மானம் போச்சுன்னா டீமைக் கலைச்சுடுவேன். அதுக்கு முன்னாடி தேறாத ஆளை ஒதுக்கிட்டு ஒரு கை பார்க்கலாம்னு இருக்கேன். யாரை வச்சுக்கலாம், யாரை அனுப்பலாம்? நீங்கதானே தினம் மூணு வேளையும் பார்க்கறேள்?”

டீமைக் கலைத்தால் மாடி காலி. மாடி காலியானால் மெஸ்ஸும் காலி. வாடகை, கேஸ், மகளின் நர்சிங் படிப்பு எல்லாம் அந்தப் பன்னிரண்டு வயிறுகளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“கணேசனை விட்டுராதீங்க சார். பதினாலு இட்லி சாப்பிடுறான். பதினஞ்சாவதைப் பார்த்துக் கொஞ்சம் யோசிச்சான், ஆனா அது பயம் இல்ல. சட்னி தீர்ந்துபோச்சு.”

“பாலு எப்படி?”

“அவனை அனுப்பிடுங்க. தயிர்சாதம், ஒரு அப்பளம். அந்த அப்பளத்தையே அரைமணி நேரம் கடிச்சுக்கிட்டு இருப்பான். இவன் போய் யாரைத் தொட்டுட்டு வரப்போறான்?”

“வேகமா ஓடறானே?”

“வயித்துல ஒண்ணும் இல்லல்ல சார், ஓடத்தான் செய்வான்.”

இப்படியே பன்னிரண்டு பேரையும் அலசினேன். குழம்பைக் குழைத்து அடிப்பவன் தைரியசாலி. ரசத்தில் கறிவேப்பிலையை ஒதுக்குபவன் நெருக்கடியில் பின்வாங்குவான். மீன் முள்ளை உறிஞ்சுகிறவன் பிடித்த காலை விடமாட்டான். (எனக்குக் கபடியில் ‘கபடி கபடி’ என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.) சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டயர் வியாபாரி இல்லையா, உப்பியிருப்பது நல்ல அறிகுறி என்பதில் அவருக்கும் உடன்பாடுதான். நன்றாகச் சாப்பிடுகிற ஏழு பேர் களத்தில், மற்ற ஐந்து பேர் வெளியே என்று முடிவாயிற்று. போட்டி முடிந்ததும் அந்த ஐந்து பேரும் ஊருக்கு.

“அதுவரைக்கும் அந்த ஏழு பேரையும் நன்னா கவனிச்சுக்கோங்கோ. செலவைப் பத்திக் கவலைப்படாதீங்கோ.”

என்னைக் கவலைப்படாதே என்று ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. கோச் தங்கை கல்யாணத்துக்காக ஒரு மாத லீவில் புதுக்கோட்டை போயிருந்தார். தடுக்க ஆளில்லை. காலையில் நெய்ப் பொங்கல், பதினோரு மணிக்கு நல்லி எலும்பு சூப், மத்தியானம் கறிக்குழம்பு, சாயங்காலம் நேந்திரம் பழம், ராத்திரி புரோட்டா, படுக்கப் போகுமுன் பாதாம் பால். “போதும்க்கா” என்று எவனாவது சொன்னால் கூச்சப்படுகிறான் என்று இன்னொரு கரண்டி வைத்தேன்.

பாலு மட்டும் ஒருநாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, மேட்சுக்கு முன்னாடி எடை பார்ப்பாங்க.”

“பார்க்கட்டுமே! நல்லாப் பார்க்கட்டும். ஜெசிந்தா கைப்பக்குவம் என்னன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

“இல்லக்கா, அதுல ஒரு...”

“உனக்குப் பொறாமை. போய் அந்தத் தயிரை முடி.”

என் அப்பா மணப்பாறைச் சந்தையில் ஆட்டுத் தரகர். எடை ஏறினால் விலை ஏறும். எடை பார்ப்பது என்றால் என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

போட்டியன்று காலை, கொள்ளிடக் கரையை ஒட்டிய மைதானம். வழியில் யாருக்காவது மயக்கம் வந்துவிடுமோ என்று நான் ஒரு தூக்கு மோர் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் பைக்கில் பின்னாடியே போனேன். கோச் புதுக்கோட்டையிலிருந்து நேராக வந்து இறங்கினார். பையன்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடவில்லை.

கணேசன் மெஷினில் ஏறினான். கமிட்டிக்காரர் குனிந்து பார்த்தார்.

“எண்பத்தெட்டு புள்ளி ஆறு.”

நான் கை தட்டினேன். (ஆமாம். நான் மட்டும்தான்.)

“யாருங்க இந்தம்மா?” என்றார் கமிட்டிக்காரர். “எண்பத்தஞ்சுக்கு மேல இருந்தா ஆட முடியாது. அடுத்த ஆளு வாங்க.”

அடுத்தவன் எண்பத்தாறு. அதற்கடுத்தவன் எண்பத்தேழு. ஏழு பேரும் வரிசையாக ஏறி இறங்கினார்கள், ஒருவன்கூடத் தேறவில்லை. ரங்கராஜன் சார் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து “ரங்கா” என்றார். கோச் தலையில் கை வைத்துக்கொண்டு, “யார்றா இவனுங்களுக்குத் தீனி போட்டது?” என்று கேட்டார். பன்னிரண்டு விரல்கள் என்னைக் காட்டின. பதின்மூன்றாவது விரல் என் வீட்டுக்காரருடையது.

பத்து மணிவரை அவகாசம் கொடுத்தார்கள். வேர்த்தால் எடை குறையுமாம். சார் யாருக்கோ போன் போட்டு ஏழு மழைக்கோட்டு வரவழைத்தார். சித்திரை வெயிலில், மேகமே இல்லாத வானத்தின் கீழ், ஏழு தடியன்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கொள்ளிடக் கரையில் ஓடினார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குத் திரும்பினார். சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்த்த ஒருவன், முடிக்கும் எடை உண்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படித்துறையில் உட்கார்ந்து மொட்டையடித்தான்.

அவர்கள் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, நாக்கு தள்ளி, தாய் தகப்பன் பார்த்தால் என்ன சொல்வார்கள்! மாதாவே, ஒருத்தன் விழுந்துவிட்டால்? கோச் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மரத்தடியில் நின்று ஒவ்வொருவனுக்கும் இரண்டு டம்ளர் மோர் கொடுத்தேன். அவர்களும் மடக் மடக்கென்று குடித்தார்கள்.

மறுபடியும் மெஷின். கணேசன் எண்பத்தெட்டு புள்ளி ஆறு.

“எப்படிடா? ஒரு மணி நேரம் ஓடியிருக்க!” என்று கோச் அலறினார். கணேசனின் மீசையில் கொத்தமல்லி இருந்தது. கோச்சின் கண் மெல்ல என் தூக்குக்கு வந்தது.

“அக்கா... அந்த மோரைக் கீழ வைங்க.”

“மயக்கம் போட்டுட்டா யாருங்க பதில் சொல்றது?”

“நீங்க பைக்ல ஏறுங்கக்கா. அண்ணே, இவங்களைக் கூட்டிட்டுப் போங்கண்ணே, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.”

“இருபது வருஷமா நானே முயற்சி பண்றேன் தம்பி,” என்றார் என் வீட்டுக்காரர்.

பத்து மணிக்குள் எப்படியோ எச்சில் துப்பித் துப்பி இரண்டு பேர் தேறினார்கள், மொட்டையும் இன்னொருவனும். கணேசனும் மற்ற நாலு பேரும் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். நான் ஊருக்கு அனுப்பச் சொன்ன அந்த ஐந்து பேர், என் கையால் ஒரு சூப்புகூடக் குடிக்காதவர்கள், தேறிய இருவரோடு களத்தில் இறங்கினார்கள். நான் பைக்கில் ஏறவில்லை. பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, மெஸ்ஸைக் காலி செய்ய என்னென்ன பாத்திரம் விற்க வேண்டும் என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டே நின்றேன்.

பாலு முதல் ரெய்டு போனான். எதிர்ப்பக்கம் நாலு பேர் அவனைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். பிடிப்பதற்கு அவன் உடம்பில் ஒன்றுமே இல்லை. சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டான். இரண்டு பாயிண்ட். மறுபடியும் போனான், மறுபடியும் வந்தான். கூட்டம் எழுந்து கத்தியது. கணேசன் வெளியே உட்கார்ந்து, “பாலு, நீ ஆடுடா மாப்ள!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

கடைசியில் தோற்றார்கள். ஆனால் இரண்டே பாயிண்டில்.

ரங்கராஜன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். என் உயிர் என்னிடம் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

“ஜெசிந்தாம்மா, இவ்வளவு கிட்டக்க நாம தோத்ததே இல்லை! டீம் இருக்கட்டும். ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம். ஆனா ஒண்ணு, இனிமே மெனு கோச் சொல்றதுதான்.”

அன்றிலிருந்து என் மெஸ்ஸில் அவித்த முட்டையும் வேகவைத்த பீன்ஸும். சமைக்கும்போது எனக்கே அழுகை வரும். அணி இப்போது அவ்வப்போது ஜெயிக்கிறது. பாலுதான் கேப்டன். இன்னும் அப்பளத்தை அரைமணி நேரம் கடிக்கிறான், நான் வாயைத் திறப்பதில்லை.

சொந்தக்காரர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள். எந்த விசேஷத்திலும் நான் கரண்டியோடு பந்திப் பக்கம் வந்தால் போதும், “ஜெசிந்தா வர்றா, மழைக்கோட்டை எடுங்கடா” என்று ஒரு குரல் வரும். போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையே அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை, என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கை கழுவப் போயிருந்தார்.

ரங்கராஜன் சார் தங்கமான மனுஷர்தான், ஆனாலும் வியாபாரி. அந்த மழைக்கோட்டுகளின் பில்லை என் பெயருக்கே எழுதிவிட்டார். பார்க்கும்போதெல்லாம் “ஜெசிந்தாம்மா, அந்த மழைக் கணக்கு?” என்கிறார். கோட்டுப் போட்டது அவர் பையன்கள், ஓடச் சொன்னது அவர் கோச், நான் கொடுத்தது மோர் மட்டும்தான் என்று நானும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கோட்டு ஒன்றுக்கு நானூறு ரூபாய் வீதம், இன்று வரை கொடுக்காத பாக்கி இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.