திமிங்கலம் பார்க்கப் போன திமிங்கலம்

கடலுக்கு ஓர் உதவி தேவை என்றதும் அம்பத்தூரிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரைத்தான் நாங்கள் திமிங்கலம் என்று கூப்பிட்டோம். ஆள் என்னவோ ஊதுபத்தி மாதிரி இருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க், அவர் ஃபிட்டர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வடை கட்டி வந்த செய்தித்தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். திமிங்கலங்கள் இடம் மாறிப் போகும் பருவமாம். படகில் வந்து பார்த்துச் சொல்ல ஆட்கள் தேவை என்று ஓர் ஆராய்ச்சிக் குழு கேட்டிருந்தது.

"கண்ணு நல்லா இருந்தா போதுமாம். உனக்கு ரெண்டு கீதுல்ல நைனா? வா."

"சம்பளம் உண்டாண்ணே?"

"அத்தக் கேக்காத. திமிங்கலமே சும்மாதான் வருது."

போனோம். குழுவை நடத்திய மேடம் முதல் வகுப்பில் திசை சொல்லக் கற்றுக்கொடுத்தார். படகைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி. மறுநாளிலிருந்து கம்பெனியில் என் நிம்மதி போயிற்று. "நைனா, மூணு மணில மேனேஜரு!" என்று கத்துவார். நான் வாட்சைப் பார்த்து முடிப்பதற்குள் மேனேஜர் என் வலது தோளோரம் வந்து நிற்பார்.

மாலையில் அம்பத்தூர் ஏரிக்கரையில் பயிற்சி. தண்ணீருக்குள் கிடந்த எருமைகள் முதுகைக் காட்டும்போதெல்லாம் "பதினோரு மணில ஒண்ணு!" என்று துள்ளுவார். மாட்டுக்காரர் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், எம்மாட்ட இன்னாத்துக்குய்யா நோட்டம் உடற?"

"கோச்சுக்காத அண்ணாத்தே. இத்த திமிங்கலம்னு வச்சுக்கினு பாக்கறேன்."

மாட்டுக்காரர் சட்டையை விட்டுவிட்டு, தள்ளிக் கிடந்த ஓர் எருமையைக் காட்டி, "அப்ப அந்தப் பெருசையும் சேத்துக்க" என்றார்.

ஞாயிறுதோறும் காசிமேட்டிலிருந்து விசைப்படகு புறப்படும். கயிறு அவிழ்க்கும் முன்பே திமிங்கலம் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவார். "நீங்கள் கரையில் இருந்துகொள்ளுங்களேன்" என்று மேடம் கெஞ்சினார்.

"வாந்தி வாய்ல வருது மேடம். கண்ணு சும்மாதான் கீது."

வாரங்கள் ஓடின. கடலில் கடல்தான் இருந்தது. கூட வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மேடமும் சோர்ந்துபோனார். வரும் ஞாயிறோடு பருவம் முடிகிறது, ஒன்றுகூடத் தென்படாவிட்டால் அடுத்த வருடம் படகு கிடையாது என்றார். அன்று முழுக்கத் திமிங்கலம் யாருக்கும் மணி சொல்லவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறன்று அவர் மனைவி செல்வியும் வந்து ஏறிக்கொண்டார். "வாராவாரம் எங்க போறாருன்னு நானும் பாக்கறேன்" என்று என்னிடம் சொன்னார். புருஷன் சொன்ன திமிங்கலக் கதையை அவர் துளியும் நம்பவில்லை.

உச்சி வெயில். திமிங்கலம் இடப்பக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்திலிருந்து செல்வி அலறினார்.

"யோவ்! இங்க பாருய்யா! கடலு மூச்சு உடுது!"

தண்ணீர்ப் புகை ஒன்று வானத்துக்கு எழுந்தது. அதன் கீழே கறுப்பாக ஒரு முதுகு உயர்ந்து, வழுக்கி, அவசரமே இல்லாமல் உள்ளே போனது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திமிங்கலம் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தபோது கடல் பழையபடி கிடந்தது. மாலைவரை காத்திருந்தோம். அது திரும்ப வரவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை. அவரோ செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமா பாத்தியா?"

"சத்தியமாய்யா. உம்மேல ஆணையா பாத்தேன்."

"அப்ப அடுத்த வருசம் படகு கீது மேடம்!" என்று ஒரு குதி குதித்தார். படகு ஆடியது. மறுபடி இடப்பக்கம் ஓடினார்.

திரும்பும் ரயிலில் செல்வி அசதியில் தூங்கிப்போனார். "இன்னொரு தபா சொல்லு நைனா" என்று எதிரே வந்து உட்கார்ந்தார் திமிங்கலம். வில்லிவாக்கத்தில் ஒரு பஸ் நீளம் இருந்த அந்த முதுகு, கொரட்டூரில் ரயில் பெட்டி நீளமாகிவிட்டது. அம்பத்தூரில் இறங்க வேண்டிய நான், இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று அவர்கள் இறங்கும் அடுத்த ஸ்டேஷனான திருமுல்லைவாயில் வரை கூடவே போனேன்.