சிப்பாய்க்குத் தைத்த சட்டை

அருப்புக்கோட்டை,
விய வருஷம், மார்கழி 14

சிரஞ்சீவி மைத்துனன் பாலையாவுக்கு, உன் அத்தான் சென்னய்யா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சௌடேஸ்வரி அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அக்காள் லிங்கம்மாளும் சுகம். சேலத்தில் உன் நூல்கடை வேலையும் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. "பனிக்காலத்துல சிப்பாய்க்கு ஒரு இருமல் வந்தாலும், தை பிறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. நாயைப் பனியிலிருந்து காப்பதில் இந்தத் தெருவில் எனக்கு மிஞ்சிய ஆள் இல்லை. நீ என்னிடம் விட்டுப்போன சிப்பாயோ ரோமம் குறைந்த ஜாதி. ஆகவே சர்க்கார் நூலை அளந்து கொடுக்கிற இந்தக் கட்டுப்பாட்டையும் பார்க்காமல் கனத்த துணியாக இரண்டு முழம் நெய்து, கழுத்திலிருந்து வால் வரை ஒரு சட்டையும், மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குல்லாவும் சேர்த்துத் தைத்தேன். கஞ்சி போடாத துணியை யார் முதுகிலும் போட எனக்குக் கை வராது என்பதால், பாவுக்குப் போடுகிற அதே கெட்டிக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து மாட்டினேன். துணி தகரமாக விறைத்து, சிப்பாய் உட்கார முடியாமல் அரைநாள் நின்றுகொண்டே இருந்தது. நிற்கிற நாய்க்குத் தரைக்குளிர் ஏறாது என்பதால் அதுவும் நல்லதுதான்.

மறுநாள் விடிந்ததும், தறிக்குப் போகிற பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிற தெருவில் உலாவவிட்டேன். பனியில் கஞ்சி இளகி வாசம் எடுத்துவிட்டது. பாவு நக்கிப் பழகிய தெருநாய்கள் ஏழெட்டு வந்து சிப்பாயைச் சுற்றிக்கொண்டு நக்க, அது ஓட, அவை துரத்த, நான் கோலோடு பின்னால் ஓட, கடைசியில் ராமசுப்பு விரித்திருந்த பாவுக்குள் எல்லோரும் போய் விழுந்தோம். "ஏலே சென்னய்யா, நாய்க்குச் சட்டை போட்ட, சரி. எனக்கு மறுபடியும் பாவு யாருலே போடுவா?" என்று அவன் கேட்டது நியாயம்தான். நூல் சிக்கலுக்கு நடுவே சட்டை அசைவது தெரிந்தது. அப்படியே நாயோடு சேர்த்துத் தூக்கிவந்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை.

அன்றிலிருந்து சிப்பாய் வேறு நாயாகவே ஆகிவிட்டது. நீ இருந்தபோது கம்பங்கூழை மோந்துவிட்டுப் போகும். இப்போது இரண்டு கும்பா குடிக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. காதில் பனி அடைத்திருக்கும் என்று நல்லெண்ணெய் காய்ச்சி விடுகிறேன். கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. குளிருக்கு எல்லா உடம்பும் சுருங்கத்தான் செய்யும். பனி முடியும்வரை சட்டையைக் கழற்றுவதாக இல்லை. நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் என் பாதத்தின்மேல் படுத்திருக்கிறது. நான் மிதிபலகையை அமுக்கும்போது தலையை நகர்த்திக்கொண்டு, மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளையில்லாத எனக்கு அந்தச் சூடு பழகிவிட்டது, பாலையா. அது இல்லாமல் இனிமேல் தறியில் உட்கார மனம் வராது. ஆகையால் நீ வரவேண்டாம். எனக்கே விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேலத்துப் பனிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள். அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்து, சீக்கிரம் ஒரு பெண்ணையும் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சென்னய்யா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். "சிப்பாயி பாவுல விழுந்த அன்னைக்கே சட்டைய உருவிப் போட்டுட்டு ஓடிருச்சு. பின்வீட்டு அற்புதமேரி டீச்சர் அடுப்படியில, சாக்குமேல சொகமாப் படுத்துக்கெடக்கு. நாந்தான் தெனமும் போயிப் பாத்துட்டு வாரேன்" என்றாள். அப்படியானால் இது யார் என்று கேட்டேன். "கஞ்சி நக்கச் சட்டைக்குள்ள தலைய விட்ட தெருநாயி. அதைக் காலடியில வச்சுக்கிட்டு நீங்க சிரிச்ச மொகமா இருந்தீக. நான் எப்பிடிச் சொல்ல?" என்றாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகெல்லாம் சிப்பாய்க்கு இல்லாத கறுப்புத் திட்டு. ஆகவே தை பிறந்ததும் தாராளமாக வந்து உன் நாயைக் கூட்டிப் போ. எனக்கே விட்டுவிடு என்று மேலே கெஞ்சியிருப்பதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். என் நாயை நான் உன்னிடம் எதற்குக் கேட்கவேண்டும்?