ரெண்டு பலகை, ஒரு கீல்

‘இதையெல்லாமா கடையில் வாங்குவாங்க? நானே செஞ்சுடறேன்’ என்று கிளம்பும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். காதில் பென்சில் இருக்கும், கட்டைவிரலில் பிளாஸ்திரி இருக்கும், அவர்கள் வீட்டு ஸ்டூலில் நம்பி உட்கார முடியாது. எனக்கு இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஜவ்வாது மலையில் இந்த இனத்துக்குத் தலைமகன் ராஜேந்திரன். சாமையும் கேழ்வரகும் பயிரிடுகிறவர். மெக்சிகோ நாட்டு அம்மாள் ஒருத்தி இரண்டு பலகைக்கு நடுவே மாவு உருண்டையை வைத்து, ஓர் அமுக்கு அமுக்கி, வட்டமாக ரொட்டி எடுப்பதைப் போனில் பார்த்துவிட்டார். கூடவே அவர் மனைவி வடிவும் பார்த்தாள். கோடை விழாவில் மகளிர் குழுவுக்கு ஒரு கடை கிடைத்திருந்தது. அறுபது கேழ்வரகு அடை வடிவின் பொறுப்பு. காலை பத்து மணிக்கு வேன் வரும்போது அடை தயாராக இல்லையென்றால் கடை அடுத்த ஊர்க் குழுவுக்குப் போய்விடும்.

“ஏங்க, அந்த மெஷினு வேலூர்ல இரும்புலயே கெடைக்குதாம். ஒண்ணு வாங்கினு வாங்க. அறுபது அடை தட்டுனா மணிக்கட்டு வீங்கிடும்.”

“இன்னாத்துக்கு? ரெண்டு பலகை, ஒரு கீலு, ஒரு கைப்பிடி. ஒரு மணி நேர வேலை.”

ஒரு மணி நேரமா? பலாப்பலகை தேடி ஒரு நாள், அதை அறுக்க ரம்பம் தேடி ஒரு நாள், அறுத்தது கோணலாகி மறுபடி பலகை தேடி இரண்டு நாள், இழைத்து, எண்ணெய் பூசி, காயவைத்து, காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கைரேகை பதிய வைத்து மறுபடி இழைத்து, ஆக ஒன்பது நாள். அப்புறம்தான் கீல் வாங்காதது ஞாபகம் வந்தது. அதனாலென்ன? ஆட்டுக் கொட்டகைக் கதவில் இரண்டு கீல் இருந்தன. ஒரு கதவுக்கு எதற்கு இரண்டு?

விழா அன்று காலை ஏழு மணி. வடிவு மாவு பிசைந்து குண்டானில் வைத்திருந்தாள். எண்ணெய்க் கவரை இரண்டாகக் கிழித்து, நடுவே உருண்டையை வைத்து ராஜேந்திரன் அமுக்கினார். கீல் பக்கம் அடை அப்பளமாகக் கிழிந்தது, கைப்பிடிப் பக்கம் மெத்தையாக நின்றது.

“அமுக்கினது பத்தல” என்றார். பலகைமேல் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கிழிந்தது.

“பலகை செட்டாவணும். வெளிச்சத்துக்குப் போலாம். நீ போன்ல புடி.”

படம் பிடிக்க வடிவை வாசலுக்கு அழைத்துப் போனார் பாருங்கள், அதுதான் இந்த இனத்துக்கே உரிய கொழுப்பு. கொட்டகையின் ஒற்றைக் கீல் கதவு சாய, நான்கு ஆடுகள் நேராக அடுக்களைக்குள் போய்விட்டன. இவர்கள் திரும்பி வந்தபோது குண்டான் கழுவி வைத்தது போலிருந்தது.

வடிவு குண்டானைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டரை. மூட்டையில் மிச்சமிருந்த கேழ்வரகு மாவை அவள் பிசைந்தாள். உருட்டினாள். தட்டை அடியுள்ள இன்னொரு சில்வர் குண்டானை அவர் கையில் கொடுத்தாள்.

“அமுக்குங்க.”

கவருக்கு மேல் குண்டானை வைத்து அமுக்கினார். அடை வட்டமாக, ஒரே கனத்தில் வந்தது! ஒன்பது நாளாக அந்தக் குண்டான் அவர் கண்ணெதிரேதான் கவிழ்ந்து கிடந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அறுபதையும் அமுக்கினார், வடிவு சுட்டெடுக்க, பத்து மணிக்கு வேனில் ஏற்றினார்.

வேன் கிளம்பும்போது ஜன்னலோரம் போய், “வடிவு, இந்தக் குண்டானுக்கு மேல ஒரு மரக்கைப்பிடி வெச்சா…” என்றார்.

“மொதல்ல கதவ மாட்டுங்க!”

சிரித்தீர்களா? நல்லது. சிரித்துவிட்டு எழுந்து போய் உங்கள் வீட்டுக் கதவுகளை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். நானும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். எங்கள் வீட்டில் பாத்ரூம் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது.