பூங்காவில் நிற்கும் நான்

கள்ளக்குறிச்சி.

தம்பி தீனதயாளனுக்கு அக்கா ஜெயசுதா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மானத்துக்குத்தான் சுகமில்லை. போனில் பேசினால் உன் மாமா பக்கத்திலேயே நின்று கேட்பார், அதனால்தான் கடிதம்.

ரிடையர் ஆனதிலிருந்து அவருக்குச் சிற்பக்கலை பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். நம் ஊர்ப் பூங்காவில் மக்கள் சிற்பக் கண்காட்சி, யார் வேண்டுமானாலும் செய்து வைக்கலாம் என்றார்களோ இல்லையோ, என்னை நாள்கணக்கில் ஸ்டூலில் உட்காரவைத்து, சிமென்ட்டில் ஆளுயரத்துக்கு என்னைச் செய்தார். "கொஞ்சம் கோபமாகப் பாரு" என்பார். அதற்காக நான் தனியாக எந்த முயற்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கண் இரண்டும் கோழிமுட்டை, நாக்கு வெளியே தொங்குகிறது. கேட்டால் அது நாக்கில்லையாம், உதடாம், காய்வதற்குள் இறங்கிவிட்டதாம். 'என் துணைவி' என்று கீழே ஒட்டிய அட்டை முதல் மழையிலேயே கரைந்துபோனது.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். மற்ற சிற்பங்கள் பக்கம் ஆளே இல்லை, டயர் யானை மேல் மட்டும் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் எதிரே நீளமாக வரிசை! எனக்கு மஞ்சள் சேலை கட்டி, எலுமிச்சை மாலை போட்டு, அந்த உதட்டில் குங்குமம் அப்பி வைத்திருக்கிறார்கள். வடக்கனந்தலிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிறது ஒரு குடும்பம். கிட்டே போனால், வாட்ச்மேன் பழனி கற்பூரத் தட்டோடு மறிக்கிறான்.

"இன்னாம்மா, செருப்போட வர்றீங்க? கழட்டுங்க."

"யோவ், அது நான்யா! எங்க வூட்டுக்காரரு செஞ்சது!"

"நெறைய பேரு அப்டித்தாம்மா சொல்றாங்க. ஆத்தா எல்லாருக்குள்ளயும் கீறா. வரிசையில வாங்க."

வரிசையில் நின்ற பெரியம்மாள் என்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆத்தா மொகத்துல இன்னா சாந்தம்! உனுக்கு ஏம்மா இவ்ளோ கோவம்?" என்றாள்.

வீட்டுக்கு வந்து கத்தினால், உன் மாமா "கலை மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று கண் கலங்குகிறார். கண்காட்சி முடிந்து டிராக்டர் அனுப்பினோம், "சாமிய தூக்கிக்கினு போவீங்களா?" என்று புதிதாக முளைத்த கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. முறைச்சியம்மன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. உயிரோடு இருப்பவளுக்கு ஊரே கற்பூரம் காட்டலாமா? நீ உடனே லீவு போட்டுவிட்டு வா. நாலு ஆளை வைத்து என்னைத் தூக்கிவந்துவிடலாம்.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா.

பி.கு.: இப்போதுதான் கமிட்டிக்காரர்கள் வந்துபோனார்கள். அம்மனுக்கும் எனக்கும் ஒரே சாடை என்று பெரியம்மாளே சொன்னாளாம். ஆடிக்கூழை என் கையால்தான் ஊற்ற வேண்டுமாம். உன் மாமா என்னை "வாங்க, போங்க" என்கிறார். ஆளெல்லாம் கூட்டிவர வேண்டாம். வெள்ளிக்கிழமை வா, அம்மனுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துவா. பச்சையாகப் பார். எனக்குப் பச்சைதான் எடுப்பாக இருக்கும்.