பிரம்பில் காய்ந்த பெனியன்

மூன்றாவது இடமாற்ற விண்ணப்பமும் திரும்பி வந்திருந்தது. 'பரிசீலிக்க இயலாது' என்ற அதே இரண்டு சொற்கள்.

தம்பிஐயா மாஸ்டர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். யாழ்ப்பாணத்தில் மனைவி பூரணத்துக்கு இது ஐந்தாம் மாதம். தலைப்பிள்ளை. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழையில் எதுவும் காயாது. வந்த முதல் நாளே, வகுப்பறை மேசையில் கிடந்த பிரம்பை எடுத்து இரண்டு ஆணிகளுக்கு நடுவே வைத்து, அதில் பெனியனைக் காயப் போட்டார். மூன்று மாதமாகியும் பெனியன் காயவில்லை. ஆகவே பிரம்பும் இறங்கவில்லை.

"நீர் ஒழுங்காப் படிப்பிச்சுத்தான் கெட்டீர்," என்றார் தோட்டத்துக் கிளாக்கர் முத்துலிங்கம். அவரும் யாழ்ப்பாணத்தார். "உமக்கு முன்னாலை நாலு மாஸ்டர்மார். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார், ஒரு பிள்ளையும் வாய் திறக்கேல்லை. உதவாத வாத்தி எண்டு எழுதினார். அடுத்த மாசம் ஆள் ஊரிலை. நாலு பேருக்கும் இதுதான் கதை. கெட்டிக்காரனை விடமாட்டினம், ஐசே!"

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதையும்."

இவ்வளவு சுலபமான யோசனையை யாரும் அவருக்கு அதுவரை சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை அறிவித்தார்: "பிள்ளையள், இண்டையிலையிருந்து நீங்கள் விரும்பினதைப் படிக்கலாம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஐந்து வயது முதல் பதினான்கு வரை நாற்பத்தேழு பிள்ளைகள். அடிதடி நடக்கும் என்று நம்பிக்கையோடு பத்திரிகையை விரித்தார்.

அரைமணி நேரம் நடக்கவும் செய்தது. பிறகு பதின்மூன்று வயது அழகம்மா பெஞ்சின் மேல் ஏறினாள்.

"ஏய், எல்லாரும் பெரட்டுக்கு வாங்க!"

விடிந்ததும் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"வாய்ப்பாடு யாருக்கு வரும்?"

ஏழு வயது ராக்காயி கையைத் தூக்கினாள்.

"அந்தப் பெரிய பயலுக அஞ்சு பேரையும் நீ பாத்துக்க. வாசிப்பு நானு. மூக்கா, ஒனக்கு என்னடா வரும்?"

மூன்று வருடமாக இரண்டாம் வகுப்பிலேயே குடியிருக்கும் மூக்கன் யோசித்தான். "கொழுந்து நிறுக்கத் தெரியும்."

"அப்ப நிறுவைக் கணக்கு நீ சொல்லிக் குடு. முடிக்காதவங்களுக்கு அரைப்பேருதான், சொல்லிட்டேன்!"

அரைப்பேர் என்றால் அரைநாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. தோட்டத்தில் அதைவிட மானக்கேடு கிடையாது. பிள்ளைகள் பாய்ந்து படித்தார்கள்.

தம்பிஐயா பயந்துபோய்ப் புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் கடையில் கருவாடு சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரே வாரத்தில் பாராளுமன்ற விவாதம் முழுவதையும் வாசித்து முடித்தார்கள். வகுப்பறைதான் நாறியது.

"விருப்பமில்லாத ஆக்கள் வரவேண்டாம்," என்று அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுபோன பிள்ளைகளும் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். நாற்பத்தேழு அறுபத்தொன்றாயிற்று. குழந்தைகள் தனி. தொட்டில் ஆட்டவும் பெரட்டில் ஆள் போடப்பட்டது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இவர் குரங்கைத்தான் பிடித்தார். அது பாட்டுக்குப் பிள்ளையாராகிக்கொண்டிருந்தது.

ஆறு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. கேட்காததற்கும் வந்தது. தம்பிஐயாவுக்கு வியர்த்தது.

"சேர், அந்தக் கடைசிப் பொடியனைக் கேளுங்கோ," என்று மூக்கனைக் காட்டினார். கடைசி நம்பிக்கை.

"பதினெட்டு ராத்தல் கொழுந்து. ஈரத்துக்கும் கூடைக்கும் அஞ்சு ராத்தல் வெட்டினால்?"

"பதிமூணு சார். ஆனா எங்கம்மா கூடை ரெண்டு ராத்தல்தான். அஞ்சு வெட்டுனா அநியாயம் சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அருமை, மாஸ்டர்! என்ன முறையிலை படிப்பிக்கிறீர்?"

"கடவுளாணை நான் ஒண்டுமே படிப்பிக்கேல்லை, சேர்!"

"என்ன அடக்கம்!" இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துவிட்டார். "ஐஞ்சு வருஷத்துக்கு உம்மை இஞ்சையிருந்து அசைக்கக்கூடாது எண்டு நானே எழுதிறன்."

எழுதிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

தம்பிஐயா வாசற்படியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள்.

"ஏன் சார் அழுவுறீங்க? நல்லாத்தானே சொன்னோம்?" என்றாள் அழகம்மா.

"தையிலை என்ரை மனுசிக்குப் பிள்ளைப்பேறு. நான் ஊருக்குப் போகவேணும், பிள்ளை. அதுக்குத்தான் இவ்வளவும்..." வந்த இத்தனை மாதத்தில் அவர் பிள்ளைகளிடம் தன் வீட்டுக் கதையைச் சொன்னது அன்றுதான்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்காயி மட்டும் பிரம்பில் கிடந்த பெனியனை ஒருமுறை பார்த்துவிட்டு, மாஸ்டர் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பெரம்புல பெனியன் காயப் போட்டீங்களேன்னுதான் சார் ஒங்கள வச்சுக்கிட்டோம், மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த நாலு சாரையும் அனுப்புன மாதிரி ஒங்களையும் வாயத் தொறக்காமயே ஊருக்கு அனுப்பியிருப்போமே!"