தாகத்துக்குச் சாட்சி கேட்ட காடு

சடைமுடியில் கங்கை முழுவதையும் தாங்கியிருந்தும், குடிக்க வந்த எவரிடமும் விண்ணப்பம் கேளாமல் அதை உலகுக்கு ஓடவிட்ட பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குவோம். அவன் படைத்த உயிர்களுள் அவ்வளவு பெருந்தன்மை வாய்க்காதவையும் உண்டு. அவற்றின் கதை இது.

ஒரு காட்டில் ஒரேயொரு சுனை இருந்தது. வரியுடலார் என்னும் புலி அதைச் சுற்றி முள்வேலி அடைத்துத் தம்மை அரசர் என்று அறிவித்துக்கொண்டு பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தண்ணீர் குடிக்க விரும்பும் குடிகள் 'தாக விண்ணப்பம்' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். இறுதியாகக் குடித்த நாள் எது, தாகம் எதனால் வந்தது என்பவற்றோடு, தாகம் உண்மையே என்பதற்குத் தாகமில்லாத இருவரின் சாட்சிக் கையொப்பமும் வேண்டும். கோடையில் தாகமில்லாதவர்கள் புலியின் உறவினர் மட்டுமே. ஆகவே மானும் முயலும் சிறுத்தையின் குகை வாயிலில் கைகட்டி நின்று கையொப்பம் பெற்றன. கையொப்பத்துக்காக உள்ளே சென்ற சிலர் வெளியே வரவில்லை. அதைக் குடிகள் பெரிதுபடுத்தவில்லை. "முன்பெல்லாம் சுனையில் எவ்வளவு தள்ளுமுள்ளு, இப்போது வரிசை எவ்வளவு நேராக நிற்கிறது பாருங்கள்" என்று தங்களுக்குள் சொல்லிப் பூரித்துக்கொண்டார்கள்.

ஒரு பங்குனி மாதத்தில் மருதி என்னும் மிளா மான், பிறந்து பதினைந்து நாளே ஆன தன் கன்றோடு அந்த வரிசையில் நின்றாள். நின்று மூன்று நாள் ஆயிற்று. அவள் மடி வற்றிவிட்டது. அன்று மாலைக்குள் அவள் தண்ணீர் குடித்தால்தான் பால் சுரக்கும். பால் சுரக்காவிட்டால் கன்று மறுநாளைக் காணாது. அவளுடைய எண் நாற்பத்திரண்டு. அவளுக்கு முன்னால் நாற்பத்தொன்றாம் எண்ணோடு ஒரு முதிய எருமை படுத்திருந்தார்.

நண்பகலில், வாயிலில் அமர்ந்திருந்த எழுத்தர் முள்ளம்பன்றியார், "எண் நாற்பத்தொன்று" என்று மூன்று முறை அழைத்தார். எருமை அசையவில்லை.

"ஐயா, பெரியவர் போய்விட்டார்" என்றாள் மருதி.

"எங்கே போனார்?"

"மேலே."

"யாரிடம் அனுமதி பெற்றுப் போனார்?"

"எமதர்மன் அனுமதி கேட்டு அழைப்பதில்லையே, ஐயா. தன் வாகனத்தின் இனத்தார் என்ற உரிமையில் அழைத்துக்கொண்டான்."

"அழைத்துக்கொள்ளட்டும். ஆனால் நாற்பத்தொன்று குடித்த பிறகே நாற்பத்திரண்டு குடிக்கலாம் என்பது விதி."

"இறந்தவர் எப்படிக் குடிப்பார்?"

"அது அவருடைய சிக்கல். இறப்புச் சான்று கொடுத்தால் எண்ணை நீக்கிவிடலாம். சான்றுக்கு அவரே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்."

மருதிக்குப் பின்னால் நின்ற காட்டுப்பன்றி கோரையார், "என்னம்மா, வரிசை ஏன் நகரவில்லை?" என்று உறுமினார். செய்தி வரிசையின் கடைசிவரை சென்றது. பத்து ஆண்டுகளாகத் தங்கள் பிள்ளைகளைப் புலி தின்றபோது வாய் திறவாத குடிகளுக்கு, வரிசை நகராது என்ற செய்தியைத் தாங்க முடியவில்லை. ஆயினும் எவரும் முதலடி எடுத்து வைக்கவில்லை. மருதி தன் கன்றின் உலர்ந்த நாக்கைப் பார்த்தாள். எருமையைத் தாண்டிச் சென்று நெற்றியால் வேலியை முட்டினாள். அதன் பிறகு காடே பாய்ந்தது.

சுனையின் நடுவில் மதிய உறக்கத்தில் கிடந்த வரியுடலார், நானூறு குளம்புகள் வருவதைக் கண்டார். பிறரை அஞ்சவைத்தே பழகிய அவருக்குத் தாம் அஞ்சுவது புதிய அனுபவமாக இருந்தது. ஈர வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு மலைக்கு அப்பால் ஓடிவிட்டார். பத்தாண்டு ஆட்சி ஒரு தும்மலுக்குள் முடிந்தது.

வேலி வீழ்ந்தது. சுனை நாற்புறமும் திறந்து கிடந்தது. மருதி குனிந்தாள்.

"நில்லம்மா" என்றார் கோரையார். "ஆளுக்கு ஆள் வாய் வைத்தால் அந்தக் கொடியவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?"

"அவன் நம்மைக் குடிக்க விடவில்லை, அண்ணா. நாம் குடிக்கலாம். அதுதான் வேறுபாடு."

"பெண்புத்தியில் பேசாதே. இது வரலாறு."

பொதுக்குழு கூடியது. கிளர்ச்சியில் பங்கேற்றவர்க்கே முதலில் தண்ணீர் என்று முடிவாயிற்று. பங்கேற்றதை மெய்ப்பிக்க ஒரு படிவமும், கிளர்ச்சியில் பங்கேற்ற வேறொருவரின் சாட்சியும் வேண்டும் என்றார்கள். படிவத்துக்குக் கோடு போடத் தெரிந்தவர் முள்ளம்பன்றியார் ஒருவரே. பாறை இடுக்கில் ஒளிந்திருந்த அவரை மாலையிட்டு அழைத்து வந்தார்கள். "நான் மனத்தளவில் தொடக்கம் முதலே எதிர்ப்பாளன்" என்று அவர் தழுதழுத்தார். "முத்திரையும் என்னிடம்தான் இருக்கிறது." சிறுத்தையும் காட்டுப்பூனையும் ஒருவருக்கொருவர் சாட்சியிட்டு முதலிரண்டு இடங்களைப் பெற்றார்கள்.

வெயில் மேற்கே சாய்ந்தபோது மருதியின் முறை வந்தது.

"கிளர்ச்சியில் உன் பங்கு?"

"வேலியை முதலில் முட்டியவள் நான், ஐயா."

"சாட்சி?"

அவள் கோரையாரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு முன்னால் ஒரு வால் ஓடியது உண்மை. மிளாவின் வால்தான். ஆனால் எந்த மிளா என்று சத்தியம் செய்ய மனம் இடந்தரவில்லை. தினமும் புராணம் கேட்பவன் நான். பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன்."

முதலில் ஓடுபவருக்கு முன்னால் எவரும் இருப்பதில்லை. பின்னால் வருவோர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே முள்ளம்பன்றியார் 'வேடிக்கை பார்த்தவள்' என்று எழுதி, எல்லாரும் குடித்த பிறகு வரச் சொன்னார்.

கன்றின் முன்னங்கால்கள் மடிந்தன. மருதி அதன்பின் எவரையும் எதுவும் கேட்கவில்லை. கன்றை முகத்தால் தாங்கி நிமிர்த்தி, யாரும் நில்லாத மறுகரைக்கு நடத்திச் சென்று, நீரில் வாய் வைத்தாள். வயிறு குளிரும்வரை குடித்தாள்.

அப்போதுதான் காடு உண்மையிலேயே கொதித்தது. புலியின் முன் முனகக்கூடத் துணியாத தொண்டைகள் எல்லாம் ஒருசேர முழங்கின. "வரிசையைக் குலைத்தவள்." "நம் தியாகத்தைக் குடித்துவிட்டாள்." சற்று முன்வரை அவள் முகம் தெரியாதவர்கள் இப்போது அவளுடைய இமைமயிர்வரை அடையாளம் சொன்னார்கள். சாட்சியிட முண்டியடித்தார்கள். கோரையார் முன்னின்று தாயையும் கன்றையும் காட்டின் எல்லைவரை துரத்திவிட்டு வந்தார்.

எல்லைக்கு அப்பால் ஒரு கடம்பின் நிழலில் கன்று தாய்மடியை முட்டியது. பால் சுரந்தது.

காட்டிலோ, முறைகேடாகக் குடிக்கப்பட்ட சுனை தீட்டுப்பட்டதா என்று ஆராயக் குழு அமைத்தார்கள். அறிக்கை வரும்வரை ஒருவரும் குடிக்கலாகாது என்றார்கள். அதுவரை சுனையைக் காக்கச் சிறுத்தை தாமாக முன்வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிய பின், வறண்ட வாயோடு, மிக நேராக வரிசையில் நின்றார்கள்.

நீதி: கொடுங்கோலனை விரட்டப் புறப்படுவோர், விரட்டும்போதே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொள்க. வென்ற பிறகு அதற்கு நேரம் இராது.

இதனைச் செவிமடுத்தோர் எவராயினும், அவர்தம் மனையில் நீரும் பாலும் வற்றாதிருக்க, பிள்ளைகள் நோயற்றுத் தழைக்க, ஈசன் அருள்க.