ஒரு பாட்டில் பீரும் ஒரு டிரம் தண்ணீரும்

அரைகுறையாகப் படித்தவர்களால் வரும் ஆபத்து வேறு யாராலும் வராது. படிக்காதவர்கள் தெரியாததை நாலு பேரிடம் கேட்பார்கள். நன்றாகப் படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அரைகுறைகள் நேராகக் காரியத்தில் இறங்கிவிடுவார்கள். நான் பி.யூ.சி.யில் சயன்ஸ் குரூப். (பாஸா என்று கேட்காதீர்கள். கெமிஸ்ட்ரியைத் தவிர எல்லாவற்றிலும் பாஸ்.)

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், பம்பாய் ஆண்டாப் ஹில்லில் ஒரே அறையில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர் ஞானராஜ், மாமியார், கொழுந்தன்மார் இரண்டு பேர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் கயிற்றில் ஒரு பழைய சேலை தொங்கியது. அதுதான் சுவர். மின்விசிறியைப் போட்டால் சுவர் பறக்கும்.

என் வீட்டுக்காரர் அப்போது யாராவது லீவு போட்டால் அவர்களுடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். செம்பூர்ப் பக்கம் பெட்ரோல் டேங்கர் ஓட்டும் கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலை கிடைப்பதாக இருந்தது. வேலையோடு ஓர் அறையும் தருவார்களாம். செங்கல் சுவர் வைத்த அறை. நான் மனதுக்குள் அந்தச் சுவரில் ஏற்கெனவே காலண்டர் மாட்டிவிட்டேன். வண்டி ஓட்டிக் காட்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது மெடிக்கல் மட்டும்தான். கம்பெனி சூப்பர்வைசர் ஒரு மராட்டிக்காரர். அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: குடிக்கிறவனுக்குப் பெட்ரோல் வண்டி கிடையாது, திங்கட்கிழமை காலையில் மூத்திரத்தைப் பரிசோதித்துவிடுவார்கள்.

அதற்கு முந்தைய நாள் பாண்டுப்பில் அவருடைய சிநேகிதர் குழந்தைக்கு ஞானஸ்நானம். மத்தியானம் பிரியாணி விருந்து. திரும்பி வரும்போது ரயிலில் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். (அவர் சிரிக்கிற ஆள் இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர் மாதிரிதான் நிற்பார்.) கிட்டே போய் மோந்து பார்த்தேன்.

"என்னங்க, குடிச்சீங்களா?"

"ஒரே ஒரு பாட்டில் பீரு பிள்ள. எல்லாரும் போட்டு வம்பு பண்ணினானுவ. அது ஒண்ணும் செய்யாது."

"நாளைக்கு டெஸ்ட்டுல்லா!"

சிரிப்பு அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இறங்கிப் போய்விட்டது.

குடித்தது மூத்திரத்தில் எத்தனை நாள் தெரியும்? இதுதான் கேள்வி. சயன் ஸ்டேஷனுக்கு வெளியே மருந்துக்கடைக்காரரிடம், யாரோ தூரத்துச் சொந்தக்காரருக்காகக் கேட்பது போலக் கேட்டேன். மூன்று நாள் என்றார். பக்கத்தில் நின்று இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர், "தீன் தின் நஹி, ஏக் ஹஃப்தா" என்று ஒரு வாரமாக்கினார். வீட்டுக்கு வந்து சின்னக் கொழுந்தனிடம் ரகசியமாகக் கேட்டால், தலைமுடியில் ஆறு மாதம் நிற்கும், மொட்டை போட்டால் தப்பிக்கலாம் என்றான். இந்த மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. எனக்கும் தெரியாது என்பது மட்டும் புரியவில்லை.

என் சயன்ஸ் மூளை வேலை செய்தது. உள்ளே இருப்பது திரவம். மேலே இன்னொரு திரவத்தை ஊற்றினால் முதல் திரவம் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? தாராவி மார்க்கெட்டுக்கு ஓடி வாழைத்தண்டும் முள்ளங்கியும் வாங்கி வந்தேன். அரைத்துச் சாறு பிழிந்து கொடுத்தேன். பிறகு பார்லிக் கஞ்சி. பிறகு மோர். பிறகு வெறும் தண்ணீர், செம்பு செம்பாக. அவர் நல்ல மனிதர். கொடுத்ததையெல்லாம் குடித்தார். பொதுக் கக்கூஸ் எங்கள் வரிசையின் கடைசியில் இருந்தது. டிரம்மிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாகவே இருந்தார். ஒருமுறை பாதி வழியில் திரும்பி வந்துகொண்டிருந்தவர், வீடு வரை வராமல் அப்படியே மறுபடியும் திரும்பிப் போனார்.

மாமியாருக்குச் சந்தேகம் வந்தது. அவர் சபையில் குடிக்கு எதிராகப் பெண்களைக் கூட்டி ஜெபம் நடத்துகிறவர். பீர் என்ற பேச்சே காதில் விழக்கூடாது.

"ஏட்டி ஸ்டெல்லா, இவன் ஏன் இந்த ஓட்டம் ஓடுதான்?"

"சூடு அத்த."

"சூட்டுக்கு இவ்வளவா? எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில சர்க்கரை வியாதின்னான் டாக்டரு."

மகனுக்குப் பெரிய வியாதிதான் என்று முடிவு கட்டிய அவர், திங்கட்கிழமை காலையில் குழாயடி வரிசையில் பிடித்து வைத்த இடத்தையும் விட்டுவிட்டு எங்களோடு கிளம்பிவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று மாமியார் நினைத்தார். எதை அடக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையோடு கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, "இன்னும் ரெண்டு வாய்" என்றேன்.

மாட்டுங்கா கிளினிக்கில் வேலைக்கு வந்த டிரைவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் கையில் பைலோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு (அதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை) வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் லேப் கதவு திறந்தது. சோதிக்கிற தம்பி தாராவிப் பையன், நம்ம ஊர்க்காரர். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே சத்தமாகக் கேட்டார்:

"யாருங்க ஞானராஜ்? என்னய்யா இது, முழுக்கத் தண்ணி!"

தமிழில் தண்ணி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ராத்திரி முழுக்க ஒரே அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டவளுக்கு இன்னொன்று எப்படி ஞாபகம் வரும்? எழுந்து நின்றேன்.

"ஐயா, முழுக்கல்லாம் இல்ல! ஒரே ஒரு பாட்டில் பீருதான்! அதுவும் நேத்து மத்தியானம்! அதுக்கு முன்ன அவரு தொட்டதே இல்ல!"

லேப் தம்பி வாயைத் திறந்தபடி நின்றார். நான் பேசியதில் சூப்பர்வைசருக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். பீர். அது போதுமானதாக இருந்தது. மாமியார் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பாமலேயே அவர் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"இல்லக்கா," என்றார் லேப் தம்பி மெதுவாக. "நிறமே இல்ல, குழாத் தண்ணியப் புடிச்சுக் கொடுத்துட்டாரோன்னு கேட்டேன்."

டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், நரைத்த தலை. வாழைத்தண்டிலிருந்து பஸ் பாட்டில்வரை நான் சொல்லச் சொல்ல, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இங்க பாரும்மா. குடிச்சதைக் கரைக்கறது கல்லீரல். அது தன் வேகத்துலதான் வேலை செய்யும். நீ தண்ணிய ஊத்தி அவசரப்படுத்தினா அது கேக்காது. எவ்வளவு குடிச்சான், சாப்ட்டானா, ஆள் எப்படி, எல்லாம் பொறுத்தது. வயிறு முட்டக் குடிச்சவனுக்கு மறுநாள்கூடத் தெரியும். ஒரு பாட்டில் பீர், அதுவும் பிரியாணியோட? நேத்து ராத்திரியே போயிருக்கும்."

"அப்போ ஒரு வாரம் நிக்கும்னாங்களே?"

"யாரு?"

நான் இருமல் மருந்துக்காரரைப் பற்றிச் சொல்லவில்லை.

"அதோட நான் இதுல பாக்கறது சர்க்கரையும் புரதமும்தான். குடிச்சுட்டு வரவனைக் கண்டுபிடிக்க எனக்கு மூக்கு இருக்கு. நீ பாட்டுக்கு சும்மா இருந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

இப்போது தண்ணீர் இல்லாத மூத்திரம் வேண்டும். மத்தியானம்வரை அவர் ஒரு சொட்டும் குடிக்காமல் உட்கார வேண்டும். ஏமாற்றவில்லை என்று உறுதி செய்ய லேப் தம்பி பின்னால் நிற்பார். ராத்திரி முழுக்க ஓடிய மனிதருக்கு, பின்னால் ஒருவர் நின்றதும் ஒன்றும் வரவில்லை. தம்பி குழாயைத் திறந்துவிட்டார். விசிலடித்துப் பார்த்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பெஞ்சில் இருந்த மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக முடித்துப் போகும்போது, உள்ளே எட்டிப் பார்த்து, "ஹோ ஜாயேகா பாய்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் வந்தது. நல்ல மஞ்சளாக. சர்க்கரை இல்லை, புரதம் இல்லை.

டாக்டரம்மா சூப்பர்வைசரிடம் மராட்டியில் என்னவோ நீளமாகச் சொன்னார். அவர் முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் இந்தியில் சொன்னார்: வேலைக்கு வா, இனிமேல் ஒரு பாட்டிலும் கூடாது, உன் பெண்டாட்டியை மட்டும் வண்டியில் ஏற்றாதே.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முகம் கழுவப் போய் டிரம்மின் மூடியைத் திறந்தார். அடியில் ஒரு செம்புத் தண்ணீர்கூட இல்லை. அன்றைய குழாய்த் தண்ணீரும் பிடிக்கவில்லை. குனிந்து டிரம்முக்குள் பார்த்தபடியே பேசினார். குரல் உள்ளேயிருந்து கணீரென்று வந்தது.

"அவன் ஒரு பாட்டில் குடிச்சான். கர்த்தர் மன்னிப்பாரு. வரிசைல நின்னு சுமந்த ஒரு டிரம் தண்ணிய ஒரே ராத்திரில தீத்திருக்கியே, இத யாருட்டி மன்னிப்பா?"

நானும் கொழுந்தன்மாரும் அன்று தெருத்தெருவாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அடுத்த மாதம் செங்கல் சுவருள்ள அறைக்குக் குடிபோனோம். டேங்கரை அவர் ஓய்வு பெறும்வரை ஓட்டினார். பீரை அவர் விட்டுவிட்டார். மனந்திரும்பிவிட்டான் என்று மாமியார் சபையில் சாட்சி சொன்னார். நான் மறுபடி வாழைத்தண்டு வாங்கிவிடுவேன் என்ற பயம்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

எனக்குக் கிடைத்த தண்டனை வேறு. அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எந்த ரகசியமும் என்னிடம் வருவதில்லை. கொழுந்தன் வேலையை விட்டது, நாத்தனார் வீட்டில் சீட்டு முழுகிப் போனது, எல்லாம் எனக்குக் கடைசியாகத்தான் தெரியும். என் மகள் ஒரு பையனை விரும்பியது அவளுடைய அப்பாவுக்குத் தெரியும், சித்தப்பாமாருக்குத் தெரியும், படுக்கையில் கிடந்த மாமியாருக்குக்கூடத் தெரியும். எனக்கு நிச்சயதார்த்த ஓலை எழுதுகிற அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

"பெத்தவகிட்ட ஏன்டி மறைச்ச?" என்று கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா என்ன செய்வன்னு எங்களுக்குத் தெரியாதா? பையன் வீட்டுக்காரங்க வந்து குடிக்கத் தண்ணி கேட்டிருப்பாங்க," என்றாள். "நீ எழுந்து நின்னு எல்லாத்தையும் ஒப்பிச்சிருப்ப."